கடைக்குள் இருப்பவரைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு கடை விலைக்கு வருகிறது என்று புரோக்கர் சொன்னதும், எத்தனை சென்ட், சென்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்றுதான் வாய் முந்தும். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வேறு நான்கு கேள்விகள் கேளுங்கள். உள்ளே வியாபாரம் செய்வது யார்? எத்தனை வருஷமாக? மாத வாடகை என்ன? வாடகை ரசீது யார் பெயரில் போகிறது? சாலைக் கடைத்தெருவின் இந்த முனையில் சிறு முதலீட்டாளரின் லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் இந்தப் பதில்களிலேயே தீர்மானமாகிவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சந்தை இது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை போட்ட இடம். ஆ. மாதவன் இதே தெருவில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர்களைக் கதைகளாக எழுதினார். இப்படிப்பட்ட இடத்தில் காலி மனையோ, வில்லங்கமில்லாத புதுக் கட்டடமோ வாங்கக் கிடைப்பது அபூர்வம். கிடைப்பது தாத்தா காலத்துக் கட்டடம். அதற்குள் அப்பா காலத்து வாடகைக்காரர் இருப்பார். அதன் மேல் பேரன் பேத்திகளின் பங்கு இருக்கும்.

வாடகைக்காரர் இருந்தால் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் 1965-ஆம் வருஷத்துக் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி முதல் எழுத்து ஒப்பந்தத்தையே அடிப்படையாக்கிவிட்டார்கள். நாகர்கோவிலில் கட்டடம் வைத்திருக்கும் மாமா சொல்லும் யோசனை அதனால் இங்கே பலிக்காது. திருவனந்தபுரத்தில் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் நிரூபித்தாகவேண்டும்.

‘எனக்கே கடை வேண்டும்’ என்பது அந்தக் காரணங்களில் ஒன்று. கேட்க எளிது, கிடைப்பது கடினம். முதல் தடை, கிரயம் வாங்கிய தேதியிலிருந்து ஒரு வருஷம் ஆகாமல் புது உரிமையாளர் இந்தக் காரணத்தைச் சொல்லி மனுவே போட முடியாது. அதே நகரத்தில் உங்கள் கைவசம் வேறு கட்டடம் இருந்தால் அது இருக்க இது எதற்கு என்று விசேஷக் காரணம் காட்டவேண்டும். இரண்டையும் தாண்டினாலும், வாடகைக்காரருக்கு ஒரு கேடயம் இருக்கிறது. அந்தக் கடை வியாபாரத்தில்தான் தன் பிழைப்பு முக்கியமாக நடக்கிறது, அந்த வட்டாரத்தில் பொருத்தமான வேறு இடம் இல்லை என்ற இரண்டையும் அவர் நிரூபித்தால் காலி செய்யவேண்டாம். பல தலைமுறையாக மொத்த வியாபாரம் நடக்கும் தெருவில் இந்தக் கேடயம் கனமானது. அவருக்கு இரண்டு கடை தள்ளி இன்னொரு கடை இருந்தால் வழக்கின் முகமே மாறும். விலை பேசுமுன் இதையும் விசாரியுங்கள். தெருவில் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

வாடகைப் பாக்கியைக் காரணம் காட்டலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். நோட்டீஸ் அனுப்பி, வழக்குப் போட்டு, காலி செய்யும் உத்தரவும் வாங்கிய பிறகும், பாக்கியை வட்டியோடும் செலவுத்தொகையோடும் ஒரு மாதத்துக்குள் கட்டினால் அந்த உத்தரவு ரத்தாகிவிடும். கடையை ஆறு மாதம் தொடர்ந்து நியாயமான காரணமின்றிப் பூட்டிப்போட்டிருந்தாலோ, உரிமையாளர் சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விட்டிருந்தாலோ நிலைமை வேறு. அப்படிப்பட்ட கடை உங்களுக்கு ஓரளவு வழி விடும்.

ஆகவே வாடகைக்காரர் உள்ளே இருக்கும் கடையை, அவர் இன்னும் பதினைந்து வருஷம் இருப்பார் என்று வைத்துக்கொண்டு விலை போடுங்கள். இன்றைய வாடகையே உங்கள் முதலுக்குக் கட்டுபடியானால் வாங்குங்கள். ‘அவரை எழுப்பிவிட்டால் இரட்டிப்பு விலை போகும்’ என்று புரோக்கர் சொன்னால், எழுப்பிக் கொடுத்துவிட்டு இரட்டிப்பு விலையை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே ஒரு கட்டடத்துக்கு மிகச் சிறந்த விலை கொடுக்கக்கூடியவர் பல சமயம் அந்த வாடகைக்காரரேதான். நீங்கள் ஆரியசாலையில் வாடகைக்கு இருக்கும் வியாபாரி என்றால் உங்கள் முதல் ரியல் எஸ்டேட் முதலீடு நீங்கள் உட்கார்ந்திருக்கும் கடையாகவே இருக்கட்டும். வேறு யாருக்கும் முழு விலை போகாத அந்தச் சொத்து உங்களுக்கு மட்டும் முழுப் பயன் தரும்.

பகடி விஷயம் தனி. முந்தைய வாடகைக்காரருக்கு ஒரு தொகை கொடுத்துக் கடையைக் கைமாற்றிக்கொள்வது பழைய சந்தைகளில் சகஜம். அதை முதலீடு என்று நினைக்காதீர்கள். உரிமையாளரின் எழுத்து சம்மதமில்லாமல் கைமாறிய கடையில் நீங்கள் இருந்தால், உங்களைக் காலி செய்யச் சட்டம் உரிமையாளருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறது. கொடுத்த பணத்துக்கு ரசீதும் இருக்காது.

தாளைப் படிப்பது யார்?

இங்கே மலையாளம் சரளமாகப் பேசுகிறவர்களில் சிலர் பத்திர மலையாளத்தில் தடுமாறுவார்கள். பத்திர எழுத்தர் வேகமாக வாசித்ததைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவது இப்படித்தான் வழக்கமானது. வரைவை இரண்டு நாள் முன்பே வாங்கி, வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, எல்லைகளையும் சர்வே எண்ணையும் பரப்பையும் தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கும் தொகையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பட்டாவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே பத்திரப்பதிவுக்குப் பின் வில்லேஜ் ஆபீசில் ‘போக்குவரவு’ என்ற பெயர் மாற்றம் நடந்து, தண்டப்பேர் எண் கிடைத்து, உங்கள் பெயரில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது வரவேண்டும். விற்பவர் பெயரில் நடப்பு வருஷக் கரம் கட்டிய ரசீது இல்லை என்றால், போக்குவரவு நின்றுபோன காரணம் என்னவென்று கேளுங்கள். ‘பட்டயம்’ என்று காட்டினால் அது பெரும்பாலும் அரசு பதித்துக் கொடுத்த நிலம். எந்த உபயோகத்துக்குக் கொடுத்தார்கள், விற்கத் தடை உண்டா என்று பார்க்கவேண்டும். 2024-இல் தொடங்கிய ‘என்டே பூமி’ இணையவாசலில் வருவாய், பதிவு, சர்வே ஆகிய மூன்று துறைகளின் விவரங்களையும் ஒரே இடத்தில் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். ஆனால் மறு சர்வே எல்லா வில்லேஜிலும் முடியாததால், திரையில் தெரிவதை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வில்லங்கச் சான்றிதழை 30 வருஷத்துக்கு எடுங்கள். அதில் கூட்டுறவு வங்கிக் கடனுக்கான ‘கஹான்’ பதிவு இருந்தால், கடன் அடைத்த வாய்மொழி போதாது, கஹான் விடுவிப்பும் பதிவாகியிருக்கவேண்டும். அசல் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் வில்லங்கச் சான்றில் தெரியாமலும் போகலாம். அதற்காகத்தான் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது. சிறிய கட்டணம் கட்டி யாரும் தேடிப் பார்க்கலாம். ‘அசல் பத்திரம் எங்கோ வைத்துவிட்டோம்’ என்று வீட்டில் சொன்னால், முதல் சந்தேகம் வங்கி லாக்கர்மேல் விழட்டும்.

பவர் பத்திரத்தை வைத்து ‘சொத்தே உங்களுக்குத்தான்’ என்று விற்கும் வேலையை உச்ச நீதிமன்றம் 2011-லேயே முடித்துவைத்துவிட்டது. பவர் வைத்திருப்பவர் உரிமையாளர் சார்பில் கிரயம் எழுதிப் பதியலாம். பவர் மட்டுமே கிரயம் ஆகாது. பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்பதையும் பதிவு நாளன்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வாரிசுகள்: பம்பாயில் ஒருவர், துபாயில் ஒருவர்

பழைய கட்டடத்தில் கடைசிக் கையெழுத்துதான் விலை உயர்ந்தது. ஐந்து பங்காளிகளில் நால்வர் ஒத்துக்கொண்டார்கள், ஐந்தாமவர் வந்துவிடுவார் என்று சொல்வதை நம்பி நால்வரின் பங்கை மட்டும் வாங்கினால், நீங்கள் வாங்கியது பாகப்பிரிவினை வழக்கில் ஓர் இடம். குடும்பம் வசிக்கும் வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியார், உள்ளே வந்து கூட்டாக அனுபவிக்க உரிமை கோர முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது.

மகள்களின் பங்கில் கேரளத்துக்கென்று தனி வரலாறு உண்டு. 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே இந்த மாநிலம் ஒழித்துவிட்டது. அதனால் 2005-இல் மத்திய அரசு வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தபோது, அது இங்கே செல்லுமா என்ற தகராறு நீடித்தது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், 2004 டிசம்பர் 20-க்குப் பிறகு இறந்த இந்துவின் மகளுக்கு அந்தப் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. ‘தங்கைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவள் கையெழுத்து எதற்கு’ என்று விற்பவர் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். பங்காளிகளில் வயதுக்கு வராத பிள்ளை இருந்தால் அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசுதான் வரிப் பொறி. உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ சொத்து வாங்கினால் 1 சதவீதம் பிடித்து வருமான வரிக் கணக்கில் கட்டுகிறோம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 50 லட்ச வரம்பு கிடையாது, விகிதமும் வேறு. நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும். வருமான வரித்துறையிடமிருந்து குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை அவர் வாங்கித் தராதவரை முழு விலையிலும் பிடிப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. பிடிக்காமல் விட்டால் துறை அவரைத் தேடி துபாய்க்குப் போகாது, உங்களைத் தேடி ஆரியசாலைக்கு வரும்.

கையில் எவ்வளவு இருந்தால் இறங்கலாம்?

கடையை விட்டுவிட்டு ஒரு ஃபிளாட் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். விலை 60 லட்சம். கேரளத்தில் முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரத்தில் முழு விலையும் காட்டினால் 6 லட்சம். ஆக 66 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கமாட்டார்கள். ஆகவே கடன் 48 லட்சம் போக, கையிலிருந்து 18 லட்சம். இதற்காகத்தான் பலர் கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.ஈ.யின் சிட்டியை (சீட்டை) முன்கூட்டியே போட்டுவைக்கிறார்கள். மோசமான வழி அல்ல, தவணை இரண்டும் ஒரே மாதத்தில் கழுத்தைப் பிடிக்காதவரை.

வாடகை மாதம் 18,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 2,16,000. ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், 18,000 போச்சு. சங்கப் பராமரிப்பு மாதம் 2,500 வீதம் 30,000. கார்ப்பரேஷன் வரி, குழாய், பெயின்ட் எல்லாம் 20,000. மீதி 1,48,000. போட்ட 66 லட்சத்துக்கு 2.25 சதவீதம்கூட வரவில்லை. 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத் தவணை சுமார் 41,650. ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து இருபத்தொன்பதாயிரத்துக்கு மேல் இந்த ஃபிளாட்டுக்குத் தீனி போடவேண்டும். புதிய வரிமுறையில் இருப்பவர்கள் இந்த வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

விலை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஏறலாம். ஆனால் இந்தக் கணக்கில், வருஷா வருஷம் விலை ஏறியே தீரவேண்டும் என்ற நிபந்தனையோடு நீங்கள் வாழவேண்டியிருக்கும். என் கட்சி எளிது: வாடகை கணக்கில் நிற்காத சொத்தைச் சிறு முதலீட்டாளர் தொடக்கூடாது. இந்தத் தெருவில் சுமாரான ஒரு கடை, நகரத்தின் பளபளப்பான ஃபிளாட்டைவிட இந்தப் பரீட்சையில் நன்றாகத் தேறும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி இந்த 10 சதவீதத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். மிச்சமாவது இன்று, கொடுப்பது நாளை. நீங்கள் விற்கும்போது பத்திரத்தில் உள்ள தொகைதான் உங்கள் வாங்கிய விலை, மீதி எல்லாம் லாபமாகி அதற்கு வரி. விற்றவர் ஏமாற்றிய வரியையும் சேர்த்து நீங்கள் கட்டுகிறீர்கள். வங்கிக் கடனும் சுருங்கும். சொத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறினால் அந்தப் பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

இடித்துக் கட்டலாம் என்று இருக்கிறேன்

பொறுங்கள். ஆரியசாலை, வலியசாலைப் பக்கத்துப் பழைய வீடுகளும் கடைகளும் ஒன்றோடொன்று ஒட்டி, பொதுச் சுவரோடு, முகப்பு குறுகி உள்ளே நீண்டு கிடப்பவை. இடித்த அன்றே பழைய உரிமை போய்விடும். புதுக் கட்டடம் 2019-ஆம் வருஷத்து நகராட்சிக் கட்டட விதிகளுக்கு உட்பட்டு முன்னும் பின்னும் பக்கமும் இடம் விடவேண்டும். 125 சதுர மீட்டர் வரையுள்ள, அதாவது ஏறக்குறைய மூன்று சென்ட் மனைகளுக்கு விதிகளில் தனிச் சலுகை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் பார்க்கிங் கணக்கும் சேர்ந்து, இருந்த பரப்பைவிடக் குறைவாகத்தான் கட்ட முடியும் என்ற நிலை வரலாம். சாலை அகலப்படுத்தும் திட்டம் உங்கள் முகப்பைத் தொடுகிறதா என்று கார்ப்பரேஷனில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. பழுதுபார்த்து, மேற்கூரையை மாற்றி, வயரிங்கைப் புதுப்பித்து அப்படியே வாடகைக்கு விடுவது பெரும்பாலும் லாபம். பழைய மரக் கூரையும் பழைய வயரிங்கும் உள்ள கடைத்தெருவில் தீ இன்ஷூரன்ஸ் இல்லாமல் கட்டடம் வைத்திருப்பவர்களின் தைரியம் எனக்குப் புரிவதில்லை.

விழிஞ்ஞம் பக்கம் மனை

2025 மே 2 அன்று விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்ததிலிருந்து, இந்தத் தெருவில் கல்லாவில் மிஞ்சும் பணத்துக்கெல்லாம் விழிஞ்ஞம், பாலராமபுரம் பக்கம் ஒரு மனை காட்டப்படுகிறது. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். விழிஞ்ஞம் – நாவாயிக்குளம் வெளிவட்டச் சாலைக்கான நில எடுப்பில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்பில் மாட்டிய நிலம் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நிற்கும். அடுத்தது, கரம் ரசீதில் ‘நிலம்’ என்று இருக்கிறதா, ‘புரயிடம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘நிலம்’ என்றால் வயல். 2008-ஆம் வருஷத்து நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது வயல்களின் பட்டியலான டேட்டா பேங்கில் சேர்ந்திருந்தால், மண் போட்டு மேடாக்கி வாழை வைத்திருந்தாலும் வயல்தான். 25 சென்ட் வரை தரம் மாற்றக் கட்டணம் இல்லை என்று ஆசைகாட்டுவார்கள். 2017 டிசம்பர் 30-க்குப் பிறகு துண்டு போட்ட நிலத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

ஃபிளாட்டோ பெரிய மனைப்பிரிவோ, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டுக்கு மேல் போனாலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான கே-ரெராவில் பதிவு வேண்டும். அந்தத் திட்டத்தை விற்கும் புரோக்கருக்கும் பதிவு வேண்டும். பதிவு எண்ணை வைத்து இணையத்தில் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கட்டுமான நிறுவனத்துக்கு உரிமை இல்லை. அனுமதிகள் அத்தனையும் பார்க்கவேண்டுமா என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு கொச்சியின் மரடு போதும். கடலோர ஒழுங்குமுறை மீறல் என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதற்காக, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிகளையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடன் வாங்கி வாங்கியவர்களுக்கு முதலில் கிடைத்தது இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் வரைதான்.

வாடகைக்கு விடுவதும் ஒரு வேலைதான். ஒப்பந்தத்தில் வாடகை எந்தத் தேதியில் எவ்வளவு கூடும் என்று எழுதுங்கள். வாடகையை வங்கி வழியாக வாங்குங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதியவேண்டும் என்பதால் பதினொரு மாதம் எழுதுவது வழக்கம். ஆனால் கடைக்கு நீண்டகாலம் எழுதிப் பதிவதே இரு தரப்புக்கும் மரியாதை. கடைக்காரர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவராகவும் நீங்கள் பதிவில்லாதவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைமீதான 18 சதவீதத்தை அவர்தான் நேரடியாகக் கட்டவேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. வாடகை பேசும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிறகு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

இத்தனையும் முடியாது, கையில் இரண்டு மூன்று லட்சம்தான் இருக்கிறது என்பவர்கள் ரீட் (ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை) யூனிட்டைப் பார்க்கலாம். 2019-இல் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் முதலில் பங்குச்சந்தைக்கு வந்தது. பிறகு மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்ட் வந்தன. 2023-இல் மால்களை வைத்திருக்கும் நெக்ஸஸ் செலக்ட் வந்தது. பகிர்ந்துகொடுக்கக்கூடிய வருவாயில் 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தாகவேண்டும் என்பது செபியின் விதி. சில நூறு ரூபாயிலும் ஒரு யூனிட் வாங்கலாம். யூனிட் விலை ஏறும், இறங்கும். அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளவேண்டும். ஆனால் விற்க நினைத்த அன்றே விற்றுவிடலாம், துபாயிலிருந்து யாரும் வந்து கையெழுத்துப் போடவேண்டியதில்லை.